மணிவிழா காணாமல் போன இத்தாலிய நடிகர்கள்: ட்ரோய்ஸி, மங்கானோ, சல்வத்தோரி, இன்னும் சிலர்

பதிவு 1 – பழையரீல்

இத்தாலிய சினிமாவில் நடுவயதில் இறந்துபோன நடிகர்களைப் பற்றிப் பேச இந்த இழையைத் தொடங்குகிறேன். இருபதுகளில் போனவர்களைச் சுற்றி ஒரு புராணம் தானாக வளர்ந்துவிடுகிறது. நாற்பது, ஐம்பதுகளில் போனவர்களுக்கு அது நடப்பதில்லை. கடைசிப் படத்தோடு அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம். இதுதான் என் ஆதங்கம்.

மாஸிமோ ட்ரோய்ஸியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அவரை ‘இல் போஸ்தினோ’ படத்தில் மட்டும்தான் தெரியும். தீவில் தங்கியிருக்கும் கவிஞர் பாப்லோ நெருடாவுக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் மாரியோ. 1994 ஜூன் தொடக்கத்தில் படப்பிடிப்பு முடிந்தது. மறுநாளே, ஜூன் 4 அன்று, ரோமை ஒட்டிய ஓஸ்தியாவில் தன் சகோதரி வீட்டில் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். வயது 41. இந்தப் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியில் இந்தச் சாவு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் நேப்பிள்ஸ்காரர்களிடம் ட்ரோய்ஸி என்று சொன்னால் அவர்கள் நினைப்பது வேறு ஆள். ரயில் ஓட்டுநரின் மகன், சான் ஜோர்ஜோ ஆ கிரெமானோவில் பிறந்தவர். லெல்லோ அரேனா, என்ஸோ தெகாரோ இருவரோடும் சேர்ந்து ‘லா ஸ்மோர்ஃபியா’ என்ற மூவர் குழுவாக மேடையில் சிரிக்கவைத்து, 1970களின் கடைசியில் ராய் என்ற இத்தாலிய அரசுத் தொலைக்காட்சி வழியாக நாடு முழுக்கத் தெரிந்தவர். 1981இல் தானே எழுதி இயக்கி நடித்த ‘ரிகோமின்ச்சோ தா த்ரே’ முதல் படம். திக்கித் திணறி, பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கையை விரித்து, தலையைச் சொறிந்துகொண்டு, அசல் நேப்பிள்ஸ் பேச்சில் பேசுகிற ஒரு கூச்ச சுபாவக்காரன்தான் அதில் நாயகன். அதுவரை நேப்பிள்ஸ் நகைச்சுவை என்றால் சத்தம், பாட்டு, குசும்பு, குறுக்குவழி. இவர் அதே ஊர்ப் பேச்சை வைத்துக்கொண்டே அந்த அச்சை உடைத்தார். இத்தாலிய சினிமாவின் பெரிய விருதான தாவித் தி தொனாதெல்லோவில் சிறந்த படமும் சிறந்த நடிகரும் அவருக்கே கிடைத்தன.

அந்த ஆளைப் பேசுவோம். மற்ற நடிகர்களையும் சேருங்கள்.

பதிவு 2 – மூன்றாம்வரிசை

நல்ல இழை நண்பரே. ஆனால் உங்கள் ஆதங்கத்தோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. ‘இல் போஸ்தினோ’வில் அவருடைய நோயை ஒதுக்கிவைத்துவிட்டு எப்படிப் பார்ப்பது? அது திரையிலேயே இருக்கிறதே.

படப்பிடிப்பின்போது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போலத்தான் அவரால் வேலை செய்ய முடிந்தது. மாரியோ சைக்கிள் மிதித்து மேடேறும் தூரக் காட்சிகளிலும், முதுகு மட்டும் தெரிகிற சில காட்சிகளிலும் வருவது அவர் இல்லை, அவரைப் போலவே இருந்த ஒரு உடற்பயிற்சி ஆசிரியர். முகம் தெரிகிற காட்சிகளில் அவரை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார், சுவரில் சாய்ந்திருப்பார், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கன்னம் ஒட்டிப்போயிருக்கும். மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை வரும். அந்த இடைவெளிகளில்தான் மாரியோ உருவாகிறான். இயக்குநர் மைக்கேல் ராட்ஃபோர்ட் படத்தையே அந்த உடம்புக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டார்.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கடைசிப் பகுதியில், ஊருக்குத் திரும்பிவிட்ட நெருடாவுக்கு அனுப்ப மாரியோ தீவின் ஓசைகளை ஒலிநாடாவில் பதிவு செய்வான். சிறிய அலை, பெரிய அலை, பாறையில் மோதும் காற்று, புதர்களில் நுழையும் காற்று, அப்பாவின் வலைகள், கோயில் மணி. விண்மீன் நிறைந்த வானத்தைக்கூட ஓசை என்று சேர்ப்பான். எல்லாவற்றுக்கும் பிறகு மனைவியின் வயிற்றில் மைக்கை வைத்து, பிறக்கப்போகும் பிள்ளையின் இதயத்துடிப்பு. இதயம் கெட்டுப்போன ஒரு மனிதர் அந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதால் படம் எனக்குக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

பதிவு 3 – எக்கோ செல்வி

அண்ணா, இதய எக்கோ எடுக்கிற வேலையில் இருப்பதால் நோய்ப் பக்கத்தைச் சொல்கிறேன். பலரும் ‘பிறவிக் கோளாறு’ என்று எழுதுகிறார்கள். அது இல்லை.

ட்ரோய்ஸிக்கு இளம்வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. இது தொண்டையில் தொடங்குவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை புண்ணாகும். சரியான மருந்து கொடுக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தன் இதய வால்வுகளையே தாக்கத் தொடங்கியிருக்கும். அதிகம் அடிபடுவது மைட்ரல் வால்வு, அதாவது நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இதயத்தின் இடது கீழறைக்குள் இறங்குகிற வாசல். அது தடித்துச் சுருங்கும், இல்லை மூடாமல் கசியும். ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் அழுத்தம் ஏறும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில் ஆரம்பித்து, கடைசியில் படுத்தால்கூட மூச்சுத் திணறும்.

1976இல், இருபத்து மூன்று வயதில், அமெரிக்காவில் ஹூஸ்டனுக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்தப் பயணத்துக்கே பணம் திரட்ட வேண்டியிருந்தது. 1993இல் மறுபடியும் ஹூஸ்டனில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மாற்று இதயம்தான் வழி என்ற நிலை. படத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று அதைத் தள்ளிப்போட்டார்.

எங்களிடம் இன்றைக்கும் இந்த நோயோடு இருபது, முப்பது வயதுப் பெண்கள் வருகிறார்கள், பலருக்கு முதல் பிரசவத்தின்போதுதான் தெரியவரும். சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு மறுபடி தாக்காமல் காப்பாற்ற முடியும். பிள்ளைகளுக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். இழைக்கு வெளியே போய்விட்டேன், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதிவு 4 – தாமிரா

செல்வி அக்கா சொன்னது இழைக்கு உள்ளேதான் இருக்கிறது.

நான் சில்வானா மங்கானோவைச் சேர்க்கிறேன். 1930 ஏப்ரலில் ரோமில் பிறந்து 1989 டிசம்பர் 16 அன்று மாட்ரிடில் இறந்தார். நுரையீரல் புற்றுநோய், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நினைவு திரும்பவில்லை. ஐம்பத்தொன்பது வயது.

இவருக்கு நடந்தது ட்ரோய்ஸிக்கு நேர்மாறு. இவரை முதல் பெரிய படத்தோடு கட்டிப்போட்டுவிட்டார்கள். 1949இல் வந்த ‘ரீஸோ அமாரோ’. வடக்கே வெர்செல்லிப் பக்கம் நெல்வயலில் கூலிக்கு நாற்று நடவும் களை எடுக்கவும் வரும் பெண்களின் கதை. முழங்கால் அளவு தண்ணீரில், அரைக்கால் சட்டையும் கிழிந்த கறுப்புக் காலுறையுமாக நிற்கிற அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் படம் உலகமெங்கும் சுவரொட்டியாகப் போனது. அந்தச் சுவரொட்டியிலிருந்து வெளியே வர அவருக்கு இருபது வருடம் ஆனது என்றே சொல்வேன்.

வெளியே வந்த பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். 1968இல் பசோலினியின் ‘தியோரெமா’. 1971இல் விஸ்கோந்தியின் ‘வெனிஸில் மரணம்’. இரண்டாவதில், கதையின் மையமாக இருக்கும் போலந்துப் பையனின் அம்மாவாக வருகிறார். பேசுவதே அபூர்வம். முகத்திரை போட்ட பெரிய தொப்பியோடு ஹோட்டல் கூடத்துக்குள் நடந்து வருவார், பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், உட்காருவார். அவ்வளவுதான் காட்சி. ஒரு முழு வர்க்கத்தின் வளர்ப்பும் இறுக்கமும் அந்த நடையில் இருக்கிறது. 1981இல் அவருடைய மகன் அலாஸ்காவில் விமான விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு மிகக் குறைவாகத்தான் நடித்தார். கடைசியாக 1987இல் நடிகர் மார்செல்லோ மாஸ்ட்ரோயானியோடு ‘கறுப்பு விழிகள்’, ஏமாற்றும் கணவனின் பணக்கார மனைவியாக. அந்த வயதில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாத்திரங்களை எழுத ஆளில்லை என்பதுதான் என் வருத்தம்.

பதிவு 5 – வடகரை

யாரும் சொல்வதற்கு முன்னால் ஒரு ஜோடியைச் சொல்லிவிடுகிறேன். மௌரிஸியோ அரேனா, ரெனாதோ சல்வத்தோரி.

1957இல் தீனோ ரிஸி இயக்கிய ‘போவெரி மா பெல்லி’ என்ற படம். ரோமில் பியாஸா நவோனா பக்கம் வசிக்கும் இரண்டு இளவட்டங்கள் ஒரே பெண்ணைக் காதலிக்கிறார்கள். கையில் காசில்லை, ஆனால் அழகுக்கும் தெம்புக்கும் குறைவில்லை. போருக்குப் பிந்தைய வறுமைப் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த இத்தாலி இந்தப் பையன்களைக் கொண்டாடித் தீர்த்தது, தொடர்ச்சிப் படங்களும் வந்தன. அதில் ஒருவர் அரேனா, இன்னொருவர் சல்வத்தோரி. அரேனா 1979இல் மாரடைப்பில் போனபோது 45 வயது. சல்வத்தோரி 1988இல் கல்லீரல் சுருங்கி இறந்தபோது 55. அவர்களை இயக்கிய ரிஸி 91 வயது வரை இருந்து 2008இல்தான் போனார்.

அரேனாவைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. அந்த ஒரு அலையோடு அவர் காலம் முடிந்துவிட்டது. சல்வத்தோரி கதை வேறு. ‘ரோக்கோவும் சகோதரர்களும்’ (1960) பார்த்தவர்களுக்குத் தெரியும். தெற்கிலிருந்து மிலானுக்குப் பிழைக்க வந்த குடும்பத்தில் குத்துச்சண்டைக்காரனாகி, சீரழிந்து, கொலை வரை போகிற அண்ணன் சிமோனே. அலென் தெலோன் அந்தப் படத்தில் தேவதை மாதிரி இருப்பார், எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். ஆனால் படத்தைத் தூக்கிச் சுமப்பவர் சல்வத்தோரி. பாசமும் பொறாமையும் ஒரே முகத்தில் மாறி மாறி வரும். அந்தப் படத்தில் சிமோனே கையால் சாகிற நாதியாவாக நடித்த அன்னி ஜிரார்தோவைத்தான் 1962இல் கல்யாணம் செய்துகொண்டார். அழகான பையன் வேஷத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தவரை, பிறகு பெரும்பாலும் அடியாள், போலீஸ், கூலிக்காரன் என்று துணைப்பாத்திரங்களில்தான் உட்காரவைத்தார்கள். கோஸ்தா காவ்ராஸின் ‘ஸெட்’ படத்தில் வரும் குண்டர்களில் ஒருவராக அவரைப் பார்க்கலாம். 1981இல் பெர்தொலுச்சி படம் ஒன்றோடு அவருடைய சினிமா வாழ்க்கை நின்றுவிட்டது.

பதிவு 6 – பழையரீல்

வடகரை சார், சல்வத்தோரி பற்றி எழுதியதற்கு நன்றி. சிமோனே பாத்திரத்தைப் பற்றித் தமிழில் இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும்.

தாமிரா சொன்ன ‘வெனிஸில் மரணம்’ படத்திலேயே இன்னொருவர் இருக்கிறார். ஊரில் காலரா பரவுவதை விருந்தாளிகளிடம் மறைத்து, சிரித்துக்கொண்டே வளைய வரும் ஹோட்டல் மேலாளர். அவர் ரொமோலோ வல்லி. ‘சிறுத்தை’ (1963) படத்தில் பர்ட் லங்காஸ்டரின் குடும்பப் பாதிரியாராக வருவாரே, அவரேதான். ‘ஃபின்ஸி-கொந்தினிகளின் தோட்டம்’ படத்தில் நிலைமை புரிந்தும் புரியாதது போல இருக்கிற யூதத் தகப்பன். 1980 பிப்ரவரி 1 அன்று ரோமில் பழைய ஆப்பியா சாலையில் கார் விபத்து. இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 55 முடிந்திருக்கும். அடிப்படையில் மேடை நடிகர். அவர் பிறந்த ரெஜ்ஜோ எமிலியாவில் நகராட்சி நாடக அரங்குக்கு இப்போது அவர் பெயர்.

மூன்றாம்வரிசை, நீங்கள் சொன்ன ஒலிப்பதிவுக் காட்சியை நானும் மறக்கவில்லை. நோயை மறைத்துப் பார்க்கச் சொல்லவில்லை. அந்த மூச்சு வாங்கும் இடைவெளியை நோய் மட்டுமே கொடுத்தது என்று நினைத்துவிடுகிறோம் என்பதுதான் என் வாதம். 1981 படத்தைப் பாருங்கள். தெம்பாக இருந்த 28 வயதிலேயே அவர் அப்படித்தான் பேசினார். வார்த்தையைத் தேடுவது, நிறுத்துவது, விழுங்குவது எல்லாம் அவர் மேடையில் வருஷக்கணக்காகச் செதுக்கிய கலை. அதை நோயின் கணக்கில் எழுதிவிட்டால் நடிகனுக்கு என்ன மிச்சம்?

பதிவு 7 – மூன்றாம்வரிசை

இது நியாயமான வாதம். 1981 படத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அதுவரை ஒரு கோரிக்கை. ஜான் மரியா வொலொந்தேவைச் சேர்க்க வேண்டும்.

பதிவு 8 – வடகரை

வொலொந்தே 61 வயதில் போனவர். தலைப்பில் மணிவிழா என்று போட்டிருக்கிறார்களே?

பதிவு 9 – மூன்றாம்வரிசை

ஒரு வருஷக் கணக்குக்காக அவரை வெளியே நிறுத்துவதா சார்? அவர் போனதும் ட்ரோய்ஸியைப் போலவே வேலையில் இருக்கும்போதுதான், அதே 1994இல். டிசம்பர் 6, வடக்கு கிரேக்கத்தில் ஃப்ளோரினா என்ற ஊர். தியோ ஆஞ்சலோபுலோஸின் ‘யுலிஸீஸின் பார்வை’ படப்பிடிப்பு. மாரடைப்பு. சராயேவோவில் பழைய படச்சுருள்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் காப்பகக்காரர் பாத்திரம் அவருக்கு. பிறகு அதை எர்லாண்ட் யோசெஃப்சன் நடித்தார். அந்த இயக்குநரும் 2012இல் தன் படப்பிடிப்பு நேரத்திலேயே மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார்.

வொலொந்தே என்றால் நம் ஊர் ரசிகர்களுக்குச் செர்ஜியோ லியோனேயின் முதல் இரண்டு கௌபாய் படங்களின் வில்லன். முதல் படத்தில் ஜான் வெல்ஸ் என்ற புனைபெயரில் வருவார். அவருடைய நிஜமான உயரம் எலியோ பெத்ரியோடு செய்த படங்களில் இருக்கிறது. 1970இல் வந்த ‘சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரு குடிமகன் மீதான விசாரணை’யில் காதலியைக் கொன்றுவிட்டு, தன்னை யாரும் தொட மாட்டார்கள் என்று நிரூபிக்கத் தானே தடயங்களை விட்டுப்போகும் காவல்துறை அதிகாரி. படிய வாரிய தலை, தெற்கத்திப் பேச்சு, கீழே இருப்பவன் முன்னால் புலி, மேலே இருப்பவன் முன்னால் பூனை. அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அடுத்த வருடம் ‘தொழிலாளி வர்க்கம் சொர்க்கத்துக்குப் போகிறது’ படத்தில் உருப்படிக் கூலிக்காக வெறிபிடித்து உழைத்து, இயந்திரத்தில் விரலைப் பறிகொடுக்கும் லூலூ. 1972 கான் விழாவில் பெரிய பரிசை இரண்டு படங்கள் பகிர்ந்துகொண்டன, இது ஒன்று, ஃப்ரான்செஸ்கோ ரோஸியின் ‘மத்தேய் விவகாரம்’ இன்னொன்று. இரண்டிலும் நாயகன் இவர்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 1976இல் பெத்ரியின் ‘தோதோ மோதோ’வில் ஆளுங்கட்சித் தலைவர் அல்தோ மோரோவை எல்லோருக்கும் நினைவூட்டுகிற ஒரு அரசியல்வாதியாக நடித்தார். குனிந்த தோள், இழுத்துப் பேசும் மெல்லிய குரல், எதையும் நேராகச் சொல்லாத பாவனை. இரக்கமே இல்லாத சித்திரம். இரண்டு வருடம் கழித்து 1978 மார்ச் 16இல் மோரோ கடத்தப்பட்டார், மே 9இல் பிணமாகக் கிடைத்தார். 1986இல் ‘மோரோ வழக்கு’ படத்தில் அதே வொலொந்தே மோரோவாகவே நடிக்கிறார். இந்த முறை சிறைவைக்கப்பட்ட அறையில் உட்கார்ந்து, தன்னைக் கைவிட்ட சகாக்களுக்குக் கடிதம் எழுதும் மனிதர். முன்பு குத்திக்காட்டப் பயன்படுத்திய அதே தோள் குனிவு இப்போது அவர்மேல் இரக்கம் கொள்ளவைக்கிறது. பெர்லின் திரைப்பட விழாவில் அதற்கு வெள்ளிக் கரடி விருது கொடுத்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் லாஸியோ மாகாண சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். அரசியல் எதிராளியை இவ்வளவு நெருக்கமாகப் போய்ப் புரிந்துகொண்ட நடிகர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பதிவு 10 – வடகரை

சேர்த்துவிடுங்கள். எதிர்ப்பில்லை. சார்தீனியாவுக்குப் பக்கத்தில் லா மத்தலேனா தீவில்தான் அவர் கல்லறை, படகோட்டுவதில் பெரிய பிரியம் உள்ளவர்.

எலியோ பெத்ரியும் 1982இல் 53 வயதில் புற்றுநோயில் போனவர்தான். நடிகர் இல்லை என்பதால் பெயரோடு நிறுத்துகிறேன்.

பதிவு 11 – தாமிரா

இந்தத் தலைமுறையிலிருந்து ஒருவர்: லிபெரோ தெ ரியென்ஸோ. 2021 ஜூலையில் ரோமில் இறந்தார், 44 வயது. நேப்பிள்ஸில் பிறந்தவர். ‘ஸான்தா மரதோனா’ படத்துக்குச் சிறந்த துணை நடிகருக்கான தொனாதெல்லோ வாங்கினார். நான் பார்க்கச் சொல்வது 2009இல் மார்கோ ரிஸி எடுத்த ‘ஃபோர்த்தபாஷ்’. நேப்பிள்ஸ் பக்கத்து மாஃபியாவான கமோர்ரா கும்பலைப் பற்றி எழுதியதற்காக 1985 செப்டம்பரில் 26 வயதில் சுட்டுக்கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ஜான்கார்லோ ஸியானியாக நடித்திருக்கிறார். வீரம் எதையும் முகத்தில் காட்டாமல், கொஞ்சம் அசடு மாதிரி சிரித்துக்கொண்டு, கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பார். மார்கோ ரிஸி யாரென்றால், வடகரை சார் சொன்ன தீனோ ரிஸியின் மகன்.

பதிவு 12 – எக்கோ செல்வி

ட்ரோய்ஸியின் ‘கே ஓரா ஏ’ நேற்று கிடைத்தது, பார்த்துவிட்டேன். 1989, எத்தோரே ஸ்கோலா இயக்கம். அப்பா மாஸ்ட்ரோயானி, ரோமில் வசதியான வக்கீல். மகன் ட்ரோய்ஸி, சிவித்தவெக்கியா துறைமுகத்தில் ராணுவச் சேவை முடிக்கிறான். ஒரு நாள் முழுக்க இருவரும் அந்த ஊரில் சுற்றுகிறார்கள். அவ்வளவுதான் கதை. அப்பா கார் வாங்கித் தருகிறேன், வீடு வாங்கித் தருகிறேன் என்று அள்ளிக் கொட்டுகிறார். மகனுக்கு எதுவும் வேண்டாம். ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவின் பழைய கடிகாரத்தை எடுத்துக் கொடுத்ததும் அந்த முகம் மலர்கிறது பாருங்கள், நான் படத்தை நிறுத்தி மறுபடி பார்த்தேன். பிறகு பேச்சு முற்றிச் சண்டையாகிறது.

மாஸ்ட்ரோயானி பேச்சைக் கொட்டிக்கொண்டே இருக்க, இவர் பாதிச் சொல்லிலும் தோள் குலுக்கலிலும் அதைச் சமாளிக்கிறார். வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் பரிசை இருவருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அவர் நோயாளி என்ற நினைப்பே படம் முடியும்வரை வரவில்லை. என் வேலையில் இருப்பவளுக்கு அது பெரிய விஷயம்.

பதிவு 13 – பழையரீல்

செல்வி, இதைத்தான் சொல்ல நினைத்தேன், நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். அதே வருடம் அதே மூவரும் ‘ஸ்ப்ளெண்டர்’ என்று இன்னொரு படமும் செய்தார்கள். மூடப்போகும் ஒரு சின்ன ஊர்த் திரையரங்கு, முதலாளி மாஸ்ட்ரோயானி, புரொஜெக்டர் ஓட்டுபவர் ட்ரோய்ஸி. நம் ஊரில் தியேட்டர்கள் கல்யாண மண்டபமானதைப் பார்த்தவர்களுக்கு நெஞ்சில் தைக்கும்.

அப்புறம் ஒரு தகவல். 1982இல் ராய் தொலைக்காட்சிக்காக ட்ரோய்ஸி ‘மோர்த்தோ ட்ரோய்ஸி, விவா ட்ரோய்ஸி!’ என்று ஒரு படம் எடுத்தார். ட்ரோய்ஸி இறந்துவிட்டார், நண்பர்கள் நினைவஞ்சலி செலுத்துகிறார்கள் என்பதுதான் அதன் கற்பனை. ரொபெர்தோ பெனின்யி உட்பட நிஜ நண்பர்களே வந்து அவரைப் பற்றி ஏடாகூடமாகப் பேசுவார்கள். அப்போது அவருக்கு 29 வயது, மார்பில் ஹூஸ்டன் தழும்பு ஆறு வருடப் பழசு. தன் சாவைப் பற்றி நாம் எப்படியெல்லாம் பேசுவோம் என்பதை அவர் முன்கூட்டியே எடுத்துப்போட்டுச் சிரித்துவிட்டார்.

மூன்றாம்வரிசை, பார்க்கும் வரிசை கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியிருந்தீர்கள். இங்கேயே எழுதுகிறேன், எல்லோருக்கும் உதவும். முதலில் ‘ரிகோமின்ச்சோ தா த்ரே’. பிறகு ‘ஸ்கூஸாத்தே இல் ரித்தார்தோ’, 1983. மூன்றாவதாகப் பெனின்யியோடு சேர்ந்து இயக்கி நடித்த ‘நோன் சி ரெஸ்தா கே பியாஞ்செரே’, 1984. இரண்டு நண்பர்கள் 15ஆம் நூற்றாண்டுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு, கொலம்பஸ் அமெரிக்காவுக்குக் கிளம்புவதைத் தடுக்கப் புறப்படும் கூத்து, வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். அதற்கு மேல் ‘கே ஓரா ஏ’. ‘இல் போஸ்தினோ’வை ஏற்கெனவே பார்த்திருந்தாலும் கடைசியாக இன்னொரு முறை பாருங்கள். முதல் இரண்டு படங்களுக்கும் நல்ல சப்டைட்டில் அவசியம், நேப்பிள்ஸ் பேச்சு இத்தாலியின் வடக்குக்காரர்களுக்கே சிரமம். தமிழ் சப்டைட்டில் செய்ய யாராவது முன்வந்தால் ‘ரிகோமின்ச்சோ’விலிருந்து தொடங்கலாம், நேரக்குறியிடும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பதிவு 14 – தாமிரா

மொழிபெயர்ப்பில் நான் சேர்கிறேன். முதல் அரை மணி நேரத்தை எனக்கு அனுப்புங்கள்.